சைபர் புள்ளி நாலு

இரவு ஒன்றேகாலுக்கு வந்தார்கள்,
பள்ளத்தூர்க் கல்யாணத்தில் இருந்து நேராக.
நெற்றிச் சந்தனம் வேர்வையில் கரைய அவர்,
கார்ச் சாவியை விரலில் சுற்றியபடி அவர் மனைவி.
செக்காலை ரோட்டில் அந்நேரம் விழித்திருப்பது
எதிர்ச்சாரி பரோட்டாக் கல்லும்
எங்கள் லேப்பும்தான்.

"வெறும் வாயுத்தான் இவுகளுக்கு" என்றார் மெய்யம்மை ஆச்சி.
"இதுக்கா ஆயிரத்து இருநூறு?" என்றார் வயிரவன்.
ஆயிரம் கொடுத்தார். இருநூறு பாக்கி.
ஊசி ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டது
அவரல்ல, ஆச்சி.

மஞ்சள் மூடிக் குழாய்.
பத்து நிமிடம் சுழன்று நின்றால்
சிவப்பெல்லாம் அடியில் போய்விடும்,
மேலே நிற்பது வெளிறிய நெய் நிறத்தில் ஒரு விரற்கடை.
பயப்பட அதில் எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும்.
இதயத் தசைக்குள்ளேயே கட்டுண்டு கிடக்க வேண்டிய புரதத்தை
அதில்தான் தேடுகிறோம்.
உள்ளே உழைக்கும்வரை டிரோப்போனின் என்ற பெயர்
யாருக்கும் தெரியாது.
சுவர் இடிந்தால்தான் அது தெருவுக்கு வரும்.

முதல் தடவை 0.03.
"பாத்தீகளா" என்று எழுந்துவிட்டார்.
மூன்று மணி நேரம் கழித்து மறுபடி
என்று எழுதியிருந்தார் டாக்டர்.
சுவர் இடிந்த சேதி வெளியே வர நேரமாகும்.

காத்திருக்கையில் மகனைப் பற்றிச் சொன்னார் ஆச்சி.
சிங்கப்பூரில் வேலை, முப்பத்துநாலு வயது,
இன்னும் புள்ளியாகவில்லை.
கல்யாணமானால்தான் புள்ளியாம்,
கோயில் ஏட்டில் தனிப் பெயர், தனி வரி.
"ஒருத்தர் இல்லாமப் போயிட்டா?"
நான் அவர்கள் வகையில்லை,
தேவகோட்டைப் பக்கம், மாதா கோயில் தெரு,
தெரியாமல்தான் கேட்டேன்.
"அரைப்புள்ளி."
சாவி சுற்றுவது நின்றது.

நாலரைக்கு 0.41.
எந்திரம் பொய் சொல்லியிருக்கலாம் என்று
இன்னொரு முறை ஓட்டினேன். 0.41.

தாளை வாங்கி அவரே படித்தார்.
இரும்புக்கடைக் கணக்கு பார்த்த கண்.
"முன்னால சைபர்தானே நிக்குது.
சைபர் புள்ளி நாலு,
இது ஒரு தொகையாம்மா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ:
"வட்டியில சைபர் புள்ளி நாலு
விட்டுருவீகளா ஐயா?"

சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை.
உட்கார்ந்தார்.
செருப்பைக் கழற்றி
நாற்காலிக்கு அடியில் ஒழுங்காக வைத்தார்.
ஆம்புலன்ஸ் மதுரைக்குக் கிளம்பியபோதும்
அந்தச் செருப்பு அங்கேயே இருந்தது.

வேறொரு கிட்டில் ஒரு சோதனைக்கு மட்டும் மருந்து மிச்சம்,
விடிந்தால் காலாவதி.
வீணாகிறதே என்று
என் கையை நானே கட்டிக் குத்தினேன்.
சி.ஆர்.பி. 3.4.
எங்கோ உள்ளே அழற்சி,
கொல்லைப்புறம் புகையும் அடுப்பு மாதிரி.
மூன்றைத் தாண்டியவர்களில்
இதயத்தால் போகிறவர்கள் அதிகம் என்கிறது கையேடு.
நூறு பேரில் எத்தனை என்று சொல்லும்,
யார் என்று சொல்லாது.
முந்தின வாரம் சளி பிடித்திருந்தது எனக்கு.
பல்லும் ஒன்று சொத்தை.
காரணங்களை அடுக்கிப் பார்த்துவிட்டு
தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டேன்.
பெயர் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம்,
வரிசையில் நிற்காமல் நேரே வந்தார் ஆச்சி.
இரண்டு நூறு ரூபாய்த் தாள்.
"அவுக குடுக்கச் சொன்னாக."

சொன்னாக.
எப்போது சொன்னார்?
ஆம்புலன்ஸில் மல்லாந்து கிடந்தா,
இன்று காலை இட்லிக்கு முன்னாலா?
பள்ளிக்கூடத்தில் இதற்கு இறந்த காலம் என்று பெயர்.
அதற்கு மேல் கேட்க நாக்கு வரவில்லை.
கழுத்தைப் பார்க்கவும் இல்லை நான்,
பில் புத்தகத்தையே பார்த்தேன்.

செருப்புப் பையை எடுத்துக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டார்,
திறந்து பார்த்தார்,
தூசி தட்டினார்.

ரசீதில் எழுதினேன்: 200.00
பேனா அழுந்தி
அடித்தாளிலும் விழுந்திருந்தது
நடுவில் அந்தப் புள்ளி.